மாஸ்டர் வராத காலை: உணவகம் தொடங்க நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது என்று உறவும் ஊரும் சொல்லியிருக்கும். கையில் பதினைந்து இருபது லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உணவகம் தொடங்க யோசனை கேட்டு வருபவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறி நிற்கிறார்கள். புதிதாகக் கடை போடுவதா, ஓடிக்கொண்டிருக்கும் கடையை எடுத்து நடத்துவதா, கைதேர்ந்த மாஸ்டர் ஒருவரோடு கூட்டுச் சேர்வதா, பெயர் பெற்ற நிறுவனத்தின் கிளை உரிமையை வாங்குவதா என்பதே அவர்கள் கேள்வி. திருச்சியில் ஒரு சைவ உணவகத்தின் கல்லாவிலும் கணக்கிலும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை இந்த நான்கையும் இங்கே எடைபோடுகிறேன். தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்களில் முப்பது முதல் ஐம்பது பேர் அமரக்கூடிய டிபன், சாப்பாட்டுக் கடைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நட்சத்திர ஹோட்டல்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோலைப் பலர் யோசிப்பதே இல்லை. மாஸ்டர் வராத காலையில் கடை திறக்குமா?

எங்கள் கடையில் ஒரு தை மாதத் திங்கட்கிழமை அதிகாலை நாலேகால் மணிக்குச் சரக்கு மாஸ்டர், அதாவது சாம்பார் முதலியவற்றைச் சமைப்பவர், வரவில்லை. அவருடைய அறைக்கு ஆள் அனுப்பியபோது பெட்டியும் இல்லை, அவரும் இல்லை. முன்பணமாக வாங்கிய நாற்பதாயிரம் ரூபாயும் அவரோடு போய்விட்டது. தோசை மாஸ்டர் சாம்பார்ப் பக்கம் கை வைக்க மாட்டேன் என்று கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி பருப்பு டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை படி போடுவது என்று தெரியாமல் நின்றார். ஆறு ஆண்டுகளாக அந்த அடுப்பங்கரையின் மூலையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாதான் எழுந்து வந்து, யாரையும் கேட்காமல், துவரம்பருப்பை அளந்து களைந்து அடுப்பில் ஏற்றினார். புளிக்கரைசலை அவர் கண்ணால் அளந்த விதத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் அவர் காயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. அன்று வெண்பொங்கலும் வடையும் இல்லை. ஆனால் ஆறு மணிக்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னியோடு ஷட்டர் ஏறியது. கூட்டுழைப்பு என்ற சொல்லை உணவகத் தொழிலில் நான் இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன்: ஒருவரின் வேலையை இன்னொருவர் அறிந்திருப்பதும், அவசரத்தில் அதைச் செய்ய அவருக்கு மனமும் அனுமதியும் இருப்பதும்.

இரண்டாவது, முந்தைய நாளின் தயாரிப்பு. இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுவான கணக்கு. மதியம் ஊறப்போட்டு, மாலையில் அரைத்து, இரவெல்லாம் புளிக்கவிட வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு பொங்க இன்னும் நேரம் பிடிக்கும். ஆகவே நாளைக் காலை எத்தனை பேர் வருவார்கள் என்பதை இன்று மதியமே ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். நாளை முகூர்த்த நாளா, பள்ளிக்கு விடுமுறையா, அமாவாசையா, மழை வருமா என்றெல்லாம் பார்த்துப் படியைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஒருவர் யார் என்பதும், அவர் இல்லாத நாளில் அதை யார் செய்வார் என்பதும் நான்கு வழிகளிலும் வெவ்வேறாக இருக்கும்.

மூன்றாவது, கடை போட்ட பிறகு கையில் எஞ்சும் பணம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். மாத வாடகை 35,000, ஆறு பேருக்குச் சம்பளம் 1,10,000, மின்கட்டணம் 15,000, துப்புரவும் பழுதும் சில்லறைச் செலவும் 10,000 என்றால், விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 1,70,000 ரூபாய் போகும். மாதத்தில் 28 நாள் கடை நடந்தால் நாளொன்றுக்கு 6,071 ரூபாய். நூறு ரூபாய் விற்பனையில் மளிகை, காய், பால், எரிவாயு, பார்சல் பொருள்கள் ஆகியவற்றுக்கு 45 ரூபாய் போய் 55 ரூபாய் நின்றால், தினமும் ஏறக்குறைய 11,000 ரூபாய்க்கு விற்றால்தான் நட்டமில்லாத நிலையே வரும். ஒருவர் சராசரியாக 80 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார் என்றால் அதற்கு 138 பேர் வர வேண்டும். 139ஆவது ஆளிடமிருந்துதான் உங்களுக்கு வருமானம் தொடங்குகிறது. அந்த எண்ணிக்கையை எட்டும்வரை கடையை உங்கள் கைக்காசுதான் நடத்தும். அதற்காகக் குறைந்தது ஆறு மாத நிலைச்செலவை, மேற்கண்ட கணக்கில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல், தனியே ஒதுக்காமல் முழுப்பணத்தையும் அலங்காரத்திலும் ஏசியிலும் போட்டுவிட்டு, நாலாவது மாதம் தண்டல்காரரிடம் போய் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, விலகும்போது என்ன திரும்பக் கிடைக்கும் என்பது. தொடங்கும் நாளில் மூடுவதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம்மவர்கள் இதைக் கேட்பதில்லை.

## முதல் வழி: புதிதாகச் சொந்தக் கடை

இதன் பெரிய நன்மை, கடையின் பழக்கவழக்கத்தை முதல் நாளிலிருந்து நீங்களே வகுக்கலாம் என்பது. சரக்கு மாஸ்டருக்கு அருகில் உதவிக்கு ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், சாம்பார்ப்பொடியின் அளவு எழுத்தில் இருக்க வேண்டும், சப்ளையர் அனைவருக்கும் தோசை வார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஓடுகிற கடையில் புகுத்துவது மிகக் கடினம். புதிய கடையில் அது வேலைக்குச் சேரும் நிபந்தனையாகவே இருந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் பல. சிறிய கடைக்குப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்தப் பணம் தொலைவதில்லை என்றாலும் தொழிலுக்கு உதவாமல் முடங்கிக் கிடக்கும். அடுத்தது ஜி.எஸ்.டி. பெரும்பாலான உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 விழுக்காடு வசூலிக்கின்றன. அந்த முறையில், கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, எரிவாயு ஆகியவற்றை வாங்கும்போது நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. விலைப்பட்டியலில் வரி நீங்கலாக எழுதியிருக்கும் தொகையைப் பார்த்துத் திட்டமிடுபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். அடுப்புக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வேண்டும். வீட்டுச் சிலிண்டரை வைத்து ஒப்பேற்றுவது சட்டப்படி குற்றம். கழிவுநீர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் தொட்டி, புகைபோக்கி, மூன்று முனை மின் இணைப்பு ஆகிய மூன்றும் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று பாருங்கள். மாடியில் குடியிருப்பு உள்ள கட்டடமாக இருந்தால், புகைபோக்கியை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதே முதல் மாதத்துச் சண்டையாக இருக்கும்.

மாஸ்டர் வராத காலையைப் பொறுத்தவரை, இந்த வழியில் முடிவு உங்கள் கையைப் பொறுத்தது. நீங்களோ உங்கள் குடும்பத்தில் ஒருவரோ ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கத் தெரிந்தவராக இருந்தால் கடை திறக்கும். வீட்டில் ஐந்து பேருக்கு வைப்பதைப் பத்தால் பெருக்கினால் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உப்பும் புளியும் காரமும் அப்படிப் பெருகுவதில்லை. பெரிய பாத்திரத்தில் நீர் வற்றும் வேகமும் வேறு. அதைப் பழக, கடை தேடும் மாதங்களிலேயே ஒரு கல்யாண சமையல் குழுவோடு நான்கைந்து முகூர்த்தங்களுக்குப் போய் வருவது மிக மலிவான பயிற்சி.

விலகும்போது பழைய பாத்திரங்களும் மேசைகளும் அடிமாட்டு விலைக்கே போகும். ஒட்டிய டைல்ஸும் பூசிய வண்ணமும் வீட்டுக்காரருக்கு.

## இரண்டாவது வழி: ஓடுகிற கடையை எடுத்து நடத்துவது

அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், வாடிக்கையாளர் வந்துகொண்டிருப்பார், அடுத்த நாளே கல்லாவில் பணம் விழும். அவசரமாக வருமானம் வேண்டியவர்களுக்கு இதைவிட நேரான வழி இல்லை. அந்த அவசரத்துக்குத்தான், கடையின் பெயருக்கும் வாடிக்கைக்குமான தொகை என்று, குட்வில் என்ற பெயரில் விலை வைக்கிறார்கள்.

விற்பவர் காட்டும் விற்பனைக் கணக்கை நம்ப வேண்டாம். பால் கணக்கையும் சிலிண்டர் ரசீதுகளையும் கேளுங்கள். நாளுக்கு முந்நூறு காபி விற்பதாகச் சொல்பவர் இருபது லிட்டர் பால்தான் வாங்குகிறார் என்றால், ஒரு காபிக்கு அறுபத்தாறு மில்லி பால் என்று வருகிறது; டீயையும் தயிரையும் அதிலேயே கழித்தாக வேண்டும். அப்புறம் ஒரு வாரம், வார நாளும் வார இறுதியும் சேர்த்து, எதிர்ச் சாரியில் நின்று காலை ஏழிலிருந்து பத்துவரை எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எத்தனை பார்சல் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். அந்த ஏழு நாள் கால்வலி சில லட்சங்களை மிச்சப்படுத்தும்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். மளிகைக் கடைக்காரருக்கும் காய்கறி மண்டிக்கும் பழைய முதலாளி வைத்த பாக்கி சட்டப்படி உங்களுடையது அல்ல என்றாலும், அதைத் தீர்க்காமல் அந்தத் தெருவில் உங்களுக்கு நாள் கடன் கிடைக்காது. ஊழியர்கள் பழையவரிடம் வாங்கிய முன்பணத்தை யார் ஏற்பது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த கடையாக இருந்து வருங்கால வைப்பு நிதி பாக்கியிருந்தால், அது வாங்கியவரையும் தொடர்ந்து வரும். உணவுப் பாதுகாப்பு உரிமம் பழையவர் பெயரில் இருக்கும். அதைச் சுவரில் மாட்டிக்கொண்டு நீங்கள் கடை நடத்த முடியாது, உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்காரர் உங்களோடு புதிய வாடகை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்கிறாரா என்று பாருங்கள். குட்வில் கொடுத்த மூன்றாவது மாதத்தில் வீட்டுக்காரர் வந்து இடம் தனக்கு வேண்டும் என்று சொன்னால், கொடுத்த குட்வில்லை யாரிடமும் கேட்க முடியாது.

ஆனாலும் உண்மையான ஆபத்து அடுப்பங்கரையில் இருக்கிறது. அந்தக் கடையின் ருசி பழைய முதலாளியுடையதா, மாஸ்டருடையதா? மாஸ்டருடையது என்றால் நீங்கள் விலை கொடுத்து வாங்கியது நாற்காலிகளைத்தான்; அவர் அடுத்த தெருவில் வேறு கடைக்குப் போனால் வாடிக்கையாளரும் போய்விடுவார்கள். ஆகவே பேரம் முடியும் முன்பே மாஸ்டரிடமும் இரண்டாவது கையாக இருப்பவரிடமும் தனித்தனியே பேசுங்கள். பழைய முதலாளி ஒரு மாதமாவது கூட இருந்து கைமாற்றித் தர வேண்டும் என்றும், குட்வில்லில் ஒரு பகுதியை அந்த மாதம் முடிந்த பிறகே தருவது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

விலகுவது இந்த வழியில் எளிது. வாங்கியது போலவே, ஓடும்போதே கைமாற்றிவிடலாம்.

## மூன்றாவது வழி: மாஸ்டரோடு கூட்டு

பணம் உங்களுடையது, கை அவருடையது. ருசியை வைத்திருப்பவரே பங்குதாரர் என்பதால் திங்கட்கிழமை காலை பெட்டியோடு மறைந்துபோக மாட்டார். என் அளவுகோலில் முதல் மதிப்பெண் இந்த வழிக்கே. ஆனால் எழுத்து வேலையை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு மட்டும்.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் சொல்லும் சில செய்திகளை அறியாமலேயே பலர் கைகுலுக்கிக் கடை திறக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால் லாபமும் நட்டமும் சமபங்கு. நீங்கள் பதினைந்து லட்சமும் அவர் ஒரு லட்சமும் போட்டிருந்தாலும் அப்படித்தான். எழுதப்படாவிட்டால் கடையில் வேலை செய்வதற்காகப் பங்குதாரர் சம்பளம் கேட்க உரிமை இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழும் மாஸ்டருக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடையின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுமையாகப் பொறுப்பாளி. வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால் ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்த உரிமைக்காக வெளியாள்மீது வழக்குத் தொடர முடியாது. ஆகவே மாஸ்டருக்கு மாதச் சம்பளம் தனி, லாபப் பங்கு தனி, வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணத்துக்கு உச்சவரம்பு என்று எழுதிப் பதிவு செய்வது அவசியம்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு மனத்தாங்கல். பணம் போட்டவர் கல்லாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதும், மாஸ்டர் அனலில் நிற்பதும் ஆறு மாதத்தில் இருவர் கண்ணிலும் உறுத்தும். கல்லாவிலிருப்பவர் வாரத்தில் இரண்டு நாளாவது அதிகாலைச் சந்தைக்குப் போவதும், மாஸ்டர் மாதம் ஒரு முறை கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதும் இதைத் தணிக்கும். எங்கள் ஊர் காந்தி மார்க்கெட்டில் இருட்டு விலகும் முன் இருவரும் சேர்ந்து தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கும் கடைகள்தான் நீடித்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

தொழிலாளர் அனைவரும் உரிமையாளர் ஆவது இந்த வழியின் எல்லை. 1950களில் அரசின் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது வேலை இழந்தவர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உள்ளிட்டோர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார்கள். 1957இல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958இல் திருச்சூரிலும் தொழிலாளர்களே நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ்கள் தோன்றின; அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை நடக்கின்றன. இதைப் பார்த்து உற்சாகப்படுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் உரிமையாளர் ஆவதற்கு முன்பே ஒருவரோடொருவர் பழகித் தேர்ந்த குழுவாக இருந்தார்கள். முன்பின் அறியாத பத்துப் பேரைப் பங்குதாரர் ஆக்கிவிட்டால் அது குழுவாகிவிடாது.

## நான்காவது வழி: கிளை உரிமை

நிறுவனத்தின் பொதுச் சமையற்கூடமான சென்ட்ரல் கிச்சனிலிருந்து மசாலாவும் சில சமயம் மாவும் வரும். அளவுகள் அச்சடித்துத் தரப்படும். மாஸ்டர் போனால் பயிற்சி பெற்ற இன்னொருவர் வருவார். மாஸ்டர் பிரச்சினையைத் தொழிற்சாலை முறையில் தீர்க்கும் வழி இது. சமையல் தெரியாத, ஆனால் நல்ல இடம் சொந்தமாக வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். புறவழிச்சாலையில் பேருந்து நிற்கும் இடம் உங்களுடையது என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். வழிப்போக்கருக்கு ருசியைவிடத் தெரிந்த பெயரே முக்கியம்.

பெயரைப் பயன்படுத்த நிறுவனத்துக்குத் தரும் உரிமத்தொகையை விற்பனையில்தான் கணக்கிடுகிறார்கள், லாபத்தில் அல்ல. விற்பனையில் 6 விழுக்காடு என்று ஒப்பந்தம் இருந்தால், ஐந்து லட்சம் விற்ற மாதத்தில் 30,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 5,400 ரூபாய், ஆக 35,400 ரூபாய் போய்விடும். அந்த மாதம் உங்களுக்கு நட்டம் என்றாலும் தள்ளுபடி கிடையாது. சரக்கை அவர்களிடமே வாங்க வேண்டும், சில ஆண்டுகளுக்கொரு முறை கடையை அவர்கள் சொல்லும் வடிவில் புதுப்பிக்க வேண்டும் என்ற விதிகளும், எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை தர மாட்டார்கள் என்பதும் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியவை. விலகும்போது பெயர்ப்பலகை அவர்களுடையது. ஆண்டுக்கணக்கில் நீங்கள் சேர்த்த வாடிக்கையாளர்களும் அந்தப் பலகைக்குத்தான் வந்தவர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | புதிய கடை | எடுத்து நடத்துவது | மாஸ்டரோடு கூட்டு | கிளை உரிமை |
|---|---|---|---|---|
| மாஸ்டர் வராத காலை | உரிமையாளருக்குச் சமைக்கத் தெரிந்தால் திறக்கும் | முதல் ஆண்டில் ஆபத்து | பெரும்பாலும் திறக்கும் | திறக்கும் |
| முந்தைய நாள் திட்டம் | நீங்களே பழக வேண்டும் | பழைய குழுவுக்குத் தெரியும் | இருவரும் சேர்ந்து | நிறுவனம் வகுத்த முறை |
| கையிருப்புத் தேவை | மிக அதிகம் | குறைவு, ஆனால் குட்வில் | நடுத்தரம் | தொடக்கச் செலவு அதிகம் |
| மறைந்த செலவு | கட்டட மாற்றம், வரி | பழைய பாக்கிகள் | மனத்தாங்கல், கலைப்பு | விற்பனைமீது உரிமத்தொகை |
| விலகும்போது | மிகக் குறைவு | ஓடினால் நல்ல விலை | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | மிகக் குறைவு |

உட்கார இடமில்லாமல் செயலி வழியாக மட்டும் விற்கும் சமையற்கூடத்தை ஐந்தாவது வழியாக நான் சேர்க்கவில்லை. நம் டிபன் வகைகளில் பாதி அந்தப் பயணத்தைத் தாங்குவதில்லை; மூடிய டப்பாவில் இருபது நிமிடம் இருந்த நெய்த்தோசை ஈரத்துணி போல ஆகிவிடும். செயலிகளின் கமிஷன் இருபது விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் மேலே சொன்ன 55 ரூபாய்க் கணக்கும் அங்கே நிற்காது. பிரியாணி போன்றவற்றுக்கு அது வேறு விஷயம்.

## யாருக்கு எது

குடும்பத்தில் இருவராவது சமையலறையில் நிற்கத் தயாராக இருந்து, ஆறு மாதம் வருமானம் இல்லாமல் தாங்க முடியுமானால் புதிய கடை. உடனே வருமானம் வேண்டும், கணக்குப் பார்க்கத் தெரியும், ஊழியர்களிடம் பொறுமையாகப் பேச வரும் என்றால் எடுத்து நடத்துவது. இடமும் பணமும் இருந்து நேரம் மட்டும் இல்லாதவருக்குக் கிளை உரிமை. பத்தாண்டுகளாக நீங்கள் அறிந்த, கடன் வாங்கித் திருப்பித் தந்த பழக்கமுள்ள மாஸ்டர் ஒருவர் இருந்தால், மற்ற மூன்றையும் விட்டுவிட்டு அவரிடம் பேசுங்கள். அப்படி ஒருவர் இல்லாமல், கூட்டுச் சேர்வதற்காகவே ஒரு மாஸ்டரைத் தேடிப் பிடிப்பதாக இருந்தால், முதல் ஓராண்டு அவரைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்த பிறகே பங்கைப் பற்றிப் பேசுவது நல்லது.

சென்ற ஆவணியில் என்னிடம் கேட்டுவந்த ஒருவர் மூன்றாவது வழியை எடுத்தார். வாடகை ஒப்பந்தம் பதிவாகிவிட்டது, அடுப்பு மேடை கட்டியாகிவிட்டது, சம்பளத்தையும் பங்கையும் இரண்டே அமர்வுகளில் முடித்துவிட்டார்கள். கூட்டு ஒப்பந்தம் இப்போது நான்காவது வரைவில் இருக்கிறது. பொங்கலுக்கு யார் ஊருக்குப் போவது, யார் அடுப்பைப் பற்றவைப்பது என்ற ஒரு பிரிவில் மட்டும் இருவரும் இன்னும் கையெழுத்திடவில்லை.